நிழல் இல்லாத நண்பகலும் அருந்ததியும்: வானியல் சங்கத்துக்கு வந்த கேள்விகள்

பெங்களூரில் ஒரு வானியல் சங்கத்தில் பல வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். அல்சூரில் தெருவோரம் டெலஸ்கோப் வைத்த மாலையில் வரிசை நீண்டுவிட்டதால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகள் இவை.

பத்து வயது மகளுக்கு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா அக்கா? பதினைந்தாயிரம் வரை செலவு செய்யலாம்.

இப்போது வேண்டாம். அந்தப் பணத்துக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் கால்கள் ஆடும், தொட்டாலே நிலவு ஓடிவிடும். பெட்டியில் "600 மடங்கு" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். 60 மி.மீ. லென்ஸ் 120 மடங்கைத் தாண்டினால் கலங்கல்தான் மிஞ்சும். 10 மடங்கு, 50 மி.மீ. பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். முழங்கையை மொட்டைமாடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு நிலவுகளும் புள்ளிகளாகத் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, அதில் பல பத்தாகப் பெருகும்.

இந்த ஊர் வெளிச்சத்தில் என்னதான் தெரியும்?

பால்வெளி தெரியாது. நிலவையும் கிரகங்களையும் தெருவிளக்கு ஒன்றும் செய்யாது. நிலவைப் பார்க்க பௌர்ணமிக்கு வராதீர்கள், வளர்பிறை அஷ்டமிக்கு வாருங்கள். அன்று வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். இருட்டு வானம்தான் வேண்டும் என்றால் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூர் அங்கேதான். அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் நம் கோரமங்கலாவில் இருக்கிறது.

கல்யாணத்தில் பகலில் அருந்ததி பார்க்கச் சொன்னார்கள். நிஜத்தில் எங்கே இருக்கிறது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பவள் அருந்ததி. டெலஸ்கோப்பில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்து தெரிவார். தம்பதியாக வந்து பாருங்கள், இந்த முறை இரவில்.

மேடம், சிவாஜிநகரில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் டெலஸ்கோப் கிடையாது. உங்கள் சங்கம் வருமா? கட்டணம் எவ்வளவு?

வருவோம். கட்டணம் இல்லை, சந்தாவிலும் நன்கொடையிலும்தான் சங்கம் ஓடுகிறது. ஆனால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் பெங்களூரில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். ஏப்ரலில் 12.17-க்கு, ஆகஸ்டில் 12.24-க்கு. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் இது வருடத்தில் இரண்டு நாள் வாய்க்கும். டெல்லிக்கு வாய்க்காது.

ஒரு பிவிசி குழாய்த் துண்டைத் தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். தூக்குக்குண்டு வைத்துச் சரிபார்ப்பது முக்கியம். பன்னிரண்டு மணிக்கு ஒருபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயின் காலடிக்குள் ஒடுங்கும். கடைசியில் வெளியே ஒரு கோடுகூட இருக்காது, குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடிவரை வெயில். அந்த நேரத்தில் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்கவே நான் ஒவ்வொரு வருடமும் லீவு எடுக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. கன்னியாகுமரி ஏறக்குறைய நமக்கு நேர் தெற்கே இருக்கிறது, அதனால் இரண்டு ஊருக்கும் நண்பகல் ஒரே நேரம். அங்கே யாராவது சொந்தக்காரர் இருந்தால் அதே நிமிடம் ஒரு மீட்டர் கம்பை நட்டு அளக்கச் சொல்லுங்கள். நிழல் எட்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும், அதாவது வெயிலுக்கு 4.9 டிகிரி சாய்வு. இங்கே சாய்வே இல்லாதபோது அங்கே இவ்வளவு சாயக் காரணம் பூமியின் வளைவு. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 540 கிலோமீட்டர். 4.9 டிகிரிக்கு 540 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? ஏறக்குறைய நாற்பதாயிரம் வரும், அதுதான் பூமியின் சுற்றளவு. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2200 வருடங்களுக்கு முன் எகிப்தில் செய்த கணக்கை, உங்கள் பிள்ளைகள் ஒரு போன் காலில் செய்துவிடலாம்.

கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிமில் பார்க்கலாமா?

கூடவே கூடாது. கண் வலிக்காது, ஆனால் விழித்திரை வெந்துவிடும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் மரத்தடிக்குப் போங்கள். 2019 டிசம்பர் 26 காலையில் ஒரு புங்கமரத்து நிழலில் நின்றிருந்தேன். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு பிறைச் சூரியனைத் தரையில் இறக்கியிருந்தது.

அக்கா, அன்றைக்கு நீங்கள் காட்டிய சனி வளையம் லென்ஸில் ஒட்டின ஸ்டிக்கரா? (ஆறாம் வகுப்பு)

நல்ல சந்தேகம், கண்ணா. ஸ்டிக்கர் என்றால் ஒரே இடத்தில் இருக்கும். நாங்கள் வைத்தது மோட்டார் இல்லாத டெலஸ்கோப். பூமி சுற்றுவதால் சனி ஒன்றரை நிமிடத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். அடுத்த முறை அது மறைகிற வரைக்கும் பார். பின்னால் நிற்பவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.