கைப்பிரதி கொடுத்த பிறகு மாமி பேசுவதில்லை

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் நாசரேத். டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறோம். எதிர்வீட்டு மாமிக்குக் கும்பகோணம். அவர் கணவருக்குச் சமீபத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. கிறிஸ்துமஸுக்குள் ஒவ்வொருவரும் ஓர் ஆத்துமாவையாவது அழைத்து வர வேண்டும் என்று எங்கள் சபையில் சொல்லியிருக்கிறார்கள். மாமியிடம் இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியை, அதாவது துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, "இயேசு ஒருவரே சுகம் தருவார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மாமி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நொய்டாவில் என்னுடன் வேலை செய்யும் தோழி ஒருத்தி, அவளாகவே ஜெபத்தைப் பற்றிக் கேட்கிறாள். அங்கே பேசினால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: சகோதரி, முதலில் மாமி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "அன்றைக்கு நேரம் காலம் தெரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் மாமி" என்று சொன்னால் போதும். "ஆனாலும் அதில் எழுதியிருப்பது உண்மைதான்" என்று வால் ஒட்டினால் மன்னிப்பு கெட்டுவிடும். பிறகு மாமாவைப் பற்றி விசாரியுங்கள். பரிசோதனை முடிவை வாங்கி வர ஆள் உண்டா, மறுபரிசோதனைக்குக் கூடப் போக யாராவது வேண்டுமா என்று கேளுங்கள். சாப்பாடு கொடுத்தனுப்ப ஆசையாக இருக்கும். உங்கள் அடுக்களைப் பண்டம் அந்த வீட்டில் புழங்காது என்றால் பழமாக வாங்கிக் கொடுங்கள். இந்த நாட்களில் ஊழியப் பேச்சை எடுக்கவே வேண்டாம். ஒரு கையில் உதவியும் மறுகையில் கைப்பிரதியுமாகப் போனால், உதவி தூண்டிற்புழுவாகத்தான் தெரியும். ஜெபிக்க விரும்பினால் உங்கள் வீட்டில் ஜெபியுங்கள். அவர் முன்னால் ஜெபிப்பதென்றால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குணமாகிவிடும் என்று வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த வீட்டில் அந்த வாக்கு பொய்த்தால், அதை யார் திரும்பப் பெறுவது?

பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது அது. உத்தரவு என்றால் அங்கே பதில் என்று பொருள். கேள்வி இருந்தால்தானே பதில்? மாமி எதையும் கேட்கவில்லை. நொய்டாத் தோழி கேட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தில் அவளுக்குக் கடைசி இரண்டு வரிகள்தான் கிடைத்திருக்கின்றன!

அடுத்தது நம் சபைத் தமிழ். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள், முப்பது வருடம் பிரசங்கம் செய்த நானும் சேர்த்துத்தான். பரிசுத்த ஆவியைப் பெற்றதை "அபிஷேகம் பெற்றேன்" என்று நாம் சொன்னால், மாமியின் கண்ணில் மலை மந்திர் முருகனுக்குப் பாலும் பன்னீரும் ஊற்றுவதுதான் தெரியும். சாட்சி என்றால் அவருக்குக் கோர்ட். பாவி என்பது வசைச் சொல். "நாமெல்லாரும் பாவிகள்" என்று பேச்சைத் தொடங்கினால் வீட்டுக்கு வந்து திட்டுவதாகத்தான் கேட்கும். ஒருவரை விசுவாசத்துக்குள் கொண்டுவருவதை நாம் சொல்லும் "ஆத்தும ஆதாயம்" நீதிமொழிகளில் உள்ள பிரயோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆதாயம் என்றால் ஊரில் கடைக்காரரின் லாபம். தன்னை யாரோ லாபக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாருக்குப் பிடிக்கும்?

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். இயேசுவை ஏன் நம்புகிறீர்கள் என்பதை, சபைச் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள். "என் அப்பா இறந்த வருடம் ராத்திரியில் தூக்கமே வராது. அப்போது ஒரு சங்கீதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்" என்ற மாதிரி, உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள். முதல் தடவை எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1712 முதல் 1714 வரை சக ஊழியர் குருண்ட்லரோடு சேர்ந்து செய்த வேலை ஒன்று உண்டு. இங்குள்ள தமிழர்களுக்கு அவர்களுடைய சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றிக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள். போதிக்க வந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் ஒன்பது வருடத்தில் மாமியிடம் கந்த சஷ்டி விரதத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறீர்களா?

நவராத்திரியில் மாமி கொலுவுக்கு அழைத்தால் போங்கள். படைத்த சுண்டலைச் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை கருத்து மாறும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களைப் படித்து உங்கள் மனசாட்சிப்படி முடிவெடுங்கள். வேண்டாம் என்றால் மாமியிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். வாங்கிக்கொண்டு வந்து குப்பைத் தொட்டியில் போடுவதைப் போன்ற அவமரியாதை வேறில்லை, அதுவும் வாசலில் ஒரே தொட்டி இருக்கும் குடியிருப்பில்.

இனிச் சட்டம். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது; பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. "பரப்ப" என்ற சொல் அதில் இருக்கட்டும் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியவர்களில் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். பதினான்கு வருடம் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்றார் அவர். 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லைக்கோடு போட்டது: கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது.

நீங்கள் யமுனையைத் தாண்டி நொய்டாவுக்குப் போனால் உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டு மதமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். 2024 திருத்தம் அதை இன்னும் கடுமையாக்கியது. குருகிராம் பக்கம் ஹரியானாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம். பரிசு, பணம், வேலை, இலவசப் படிப்பு காட்டி மதம் மாற்ற முயன்றாலே வழக்கு வரலாம். ஆகவே தோழி கேட்டதற்கு உணவு இடைவேளையில் பதில் சொல்லுங்கள், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். அவளுக்குக் கடன் கொடுத்திருந்தால் அது தீரும்வரை இந்தப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள். என்றைக்காவது அவளே ஞானஸ்நானம் என்று சொன்னால் நீங்கள் எதுவும் ஏற்பாடு செய்யாமல், ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்தில் மதம் மாறுபவர் அறுபது நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அறிவிக்க வேண்டும். சடங்கை நடத்துபவரும் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும்.

உங்கள் ஆயரிடம் இந்தப் பதிலைக் காட்டினாலும் எனக்குச் சம்மதமே. கிறிஸ்துமஸ் கணக்கில் உங்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மாமாவுக்கு அடுத்த மறுபரிசோதனை எந்தத் தேதி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.