கருப்பட்டிக் கடை அண்ணாச்சிக்கு, மகளின் அரியர் குறித்து

அண்ணாச்சி, பிள்ளைக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில், அதாவது அடக்கவிலைக் கணக்குப் பாடத்தில், அரியர் விழுந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று சொன்னீர்கள். பி.காமை நிறுத்திவிட்டு வேறு படிப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். அவள் கொண்டுவந்த விடைத்தாள் நகலைப் பார்த்தேன். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. சரக்கு வரும்போதும் போகும்போதும் உடனுக்குடன் இருப்பை எழுதும் தொடர் இருப்பு முறையில் எடையிட்ட சராசரி போடும்போது, பழைய விலையையும் புது விலையையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டாள். அந்த ஒரு வரி தப்பியதால் கீழே உள்ள அத்தனை வரியும் தப்பிவிட்டது.

இதற்கு டியூஷனைவிட உங்கள் குடோன்தான் நல்ல இடம். அங்கே 100 கிலோ கருப்பட்டி, கிலோ 280 ரூபாய்க்கு வாங்கியது இருக்கிறது என்று வையுங்கள். மதிப்பு 28,000. உடன்குடியிலிருந்து இன்னும் 50 கிலோ, 304 ரூபாய் விலையில் வருகிறது. அதாவது 15,200. லாரி வாடகையும் இறக்குகூலியும் 300 ரூபாய். அதுவும் அடக்கவிலையில் சேரும், ஆக 15,500, கிலோவுக்கு 310. இப்போது கையிருப்பு 150 கிலோ, மதிப்பு 43,500. வகுத்தால் கிலோ 290. பிள்ளை போட்ட மாதிரி 280-ஐயும் 310-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 295 வரும். பழைய சரக்கு இரண்டு மடங்கு இருக்கிறதே, அதன் விலைக்கு அந்த அளவு கனம் வேண்டாமா? எடையிட்ட சராசரி என்று பெயர் வந்ததே அதனால்தான்.

அடுத்து 90 கிலோ விற்கிறீர்கள். நீங்கள் விற்கும் விலை இந்தக் கணக்குக்குள் வராது. 290 வீதம் 26,100 கழியும். மிச்சம் 60 கிலோ, 17,400. சராசரி அதே 290தான். பதநீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டால் மிச்சத்தின் இனிப்பு மாறுமா? புதிதாக ஊற்றினால்தான் மாறும். அடுத்து 40 கிலோ, எல்லாம் சேர்த்து 320 வீதம் வந்தால் 12,800. மொத்தம் 100 கிலோ, 30,200. புது சராசரி 302. கொள்முதல் வரும்போதெல்லாம் இப்படிப் புதிதாக வகுக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரே தடவை சராசரி எடுப்பது வேறு முறை, அதில் விடையும் வேறாக வரும்.

ஒரு மாதம் அவளிடம் ஒரு நீள நோட்டைக் கொடுங்கள். வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் கிலோ, விலை, தொகை. கொள்முதல் பில்லை நீங்கள் வாசியுங்கள், அவள் எழுதட்டும். உங்கள் தொழிலை அவள் இதுவரை எட்டிப் பார்க்காததுதான் எனக்கு வருத்தம்.

வேலை பற்றியும் கேட்டீர்கள். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை ஆனாலும் பாளையங்கோட்டை மொத்தக் கடை ஆனாலும், சரக்கு உள்ள இடத்தில் இந்தக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். டாலி என்ற கணக்கு மென்பொருளில் சரக்கைப் பதியும்போது எதையும் மாற்றாவிட்டால் சராசரி விலைதான் ஓடும். சரக்கு மதிப்பைக் கணக்கிடுவதற்கான விதியான கணக்கியல் தரநிலை 2-உம் இந்த முறையை ஏற்கிறது. 'கடைசியில் வந்தது முதலில் போகும்' முறைக்கு அதில் இடமில்லை. பட்டம் முடித்தால், அடக்கவிலைக் கணக்காளர் ஆவதற்கான சி.எம்.ஏ. படிப்பில் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அங்கேயும் இதே பாடம் வரும். வேலை உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் கோர்ஸ்களுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். முதலில் அரியரை முடிக்கட்டும்.

அப்புறம் ஒன்று. மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து எடை குறையுமே, அதை எப்படி எழுதுவது என்று அவளிடமே கேளுங்கள். வழக்கமாக ஏற்படும் சேதாரம் என்றால் கிலோ மட்டும் குறையும், ரூபாய் அப்படியே நிற்கும், அதனால் கிலோவின் சராசரி ஏறும். அவள் யோசித்துத் தானாகவே இந்த விடையைச் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடுங்கள்.