தலைக்கு எவ்வளவு கடன்?

அன்புள்ள ஐயா,

தீபாவளிக்கு ஊரில் கூடியிருந்தோம். சித்தப்பா அதிமுக, அண்ணன் திமுக. "தமிழ்நாடு அரசுக்கு ஒன்பது லட்சம் கோடிக்கு மேல கடன். பொறக்கிற குழந்தை தலையிலயும் ஒரு லட்சம்" என்றார் சித்தப்பா. "மாநில உற்பத்தியில 26 சதவீதம்தான், நிதிக்குழு சொன்ன வரம்புக்குள்ளதான் இருக்கு" என்றான் அண்ணன். பேச்சு முற்றி, சித்தப்பா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். யார் சொல்வது சரி?

க., விழுப்புரம்

அன்புள்ள க.,

இருவர் சொன்ன எண்ணும் சரிதான். 2025 மார்ச் 14 அன்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டின் மதிப்பீட்டின்படி, 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாய். மாநில உற்பத்தியில் 26.07 சதவீதம்.

தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்வது சித்தப்பா கட்சியின் வழக்கம் மட்டும் இல்லை. 2021 ஆகஸ்டில், அன்றைய திமுக அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றது. வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு அதிமுகவின் பதில். நாற்காலி மாறியதும் வசனமும் மாறிவிட்டது.

நான் முதலில் பார்ப்பது வருவாய்ப் பற்றாக்குறையை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகியவற்றுக்கு வரும்படி போதாமல் விழும் துண்டு அது. அதே பட்ஜெட்டில் அது 41,635 கோடி. மொத்த நிதிப் பற்றாக்குறை, அதாவது அந்த வருடம் கடன் வாங்கி நிரப்பவேண்டிய தொகை, 1,06,963 கோடி. நூறு ரூபாய் கடன் வாங்கினால் 39 ரூபாய் அன்றாடச் செலவிலேயே கரைகிறது. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு 57,231 கோடி. வட்டிக்கோ 70,000 கோடிக்கு மேல். கட்டுவதைவிட வட்டிக்கு அதிகம் போகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

அதற்காக அன்றாடச் செலவு எல்லாமே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊர் காலை டவுன் பஸ்ஸில் பூக்கூடையோடு ஒரு அக்கா ஏறுவார். கண்டக்டர் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டை மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்வார். "தினம் முப்பது ரூவா மிச்சம் தம்பி, அத சீட்டுக்குக் கட்டுறேன்" என்றார் ஒருநாள். அந்த முப்பது ரூபாயும் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளமும் அரசுக் கணக்கில் ஒரே பக்கத்தில்தான் வரும். ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடியைத் தராமல் நிறுத்தியபோது மாநிலம் தன் கையிலிருந்து போட்டதும் அதே பக்கத்தில்தான்.

எனக்குக் கோபம் வருவது மின்வாரியக் கணக்கைப் பார்க்கும்போது. 2014-க்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் மாறவே இல்லை. நட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நடுவில், மின்வாரியங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்பதற்கான ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்து, வாரியத்தின் கடனில் 22,815 கோடியை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. கடைசியில் கட்டணம் உயர்ந்ததும் அதிமுக தெருவில் இறங்கிப் போராடியது. எட்டு வருடம் தள்ளிப்போட்ட சுமை மொத்தமாக வந்து விழுந்தால் ஏழை வீட்டுக்குத்தான் முதலில் வலிக்கும். வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றியிருக்கலாம். ஓட்டுக்குப் பயந்து செய்யவில்லை.

2013-14-இலிருந்து தமிழ்நாடு வருவாய்ப் பற்றாக்குறையில்தான் இருக்கிறது. அதற்குப் பின் இரண்டு கட்சியும் ஆண்டாகிவிட்டது. ஆகவே சித்தப்பாவிடமும் அண்ணனிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் கட்சி இந்தத் துண்டை எந்த வருடத்துக்குள், எந்த வரியை ஏற்றி, எந்தச் செலவைக் குறைத்து அடைக்கும்? பதிலில் ஒரு வருடமும் ஒரு தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு முன் சித்தப்பாவை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.