கொட்டாவிக்குத் திறக்கும் வாய்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 68 வயது. நாலு வருடம் முன்பு ஸ்ட்ரோக் வந்து இடது கை கொஞ்சம் தளர்ந்தது, அப்புறம் சரியானது. போன மாதம் இரண்டாவது முறை வந்தது. கை கால் நன்றாக இருக்கிறது. ஆனால் வாயைத் திற என்றால் திறப்பதில்லை, நாக்கை நீட்டுவதில்லை, விழுங்குவதில்லை, பேச்சும் இல்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஆனால் பேரனைப் பார்த்தால் சிரிக்கிறார், கொட்டாவி விடுகிறார். "கொட்டாவிக்குத் திறக்கிற வாய் கஞ்சிக்குத் திறக்காதா? அடம்" என்கிறார் அத்தை. அம்மா வேண்டுமென்றே செய்கிறாரா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அடம் இல்லை. அத்தை எதை அடத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறாரோ, அதுதான் நோயின் அடையாளம்.

நான் மருத்துவன் அல்ல. என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆனது. அதனால் தேடிப் படித்தேன். 1926-இல் ஃபுவா, ஷவானி, மரி என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அவர்கள் பெயரால்தான் இந்த நோய் அழைக்கப்படுகிறது. அம்மாவுக்கு இதுதானா என்று ஸ்கேன் பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாம் நினைத்து வாய், நாக்கு, தொண்டையை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பரப்பில், பக்கவாட்டு மடிப்பு ஒன்றிலிருந்து கிளம்புகிறது. அந்த மடிப்பு இரண்டு பக்கமும் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். முதல் ஸ்ட்ரோக்கில் அம்மாவின் வாய் தப்பியது அதனால் இருக்கலாம். இரண்டாவது, மறுபக்கத்தையும் கெடுத்திருந்தால் நினைத்து அசைக்க வழியில்லை. சிரிப்பும் அழுகையும் கொட்டாவியும் வேறு பாதையில், மூளையின் ஆழத்திலிருந்து வருபவை. அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. தசையும் செத்துவிடவில்லை. அதனால்தான் பேரன் வந்ததும் முகம் மலர்கிறது. "சிரிங்க" என்று நீங்கள் சொன்னால் அசையாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கொட்டாவி விடும்போது வாய் திறக்கிறதே என்று ஒரு ஸ்பூன் கஞ்சி ஊற்றிப் பார்க்காதீர்கள். புரையேறும். சில சமயம் இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். விழுங்குவதைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லும்வரை குழாய் இருக்கட்டும். நாளானால் வயிற்றில் நேராகக் குழாய் வைக்கச் சொல்வார்கள், பயப்படாதீர்கள். பேச்சும் விழுங்குவதும் திரும்ப நாளாகும், பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

பேச முடியாததால் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நானும் பெரியப்பாவிடம் "வாயைத் திறங்க, அடம் பிடிக்காதீங்க" என்று குரலை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது அத்தனையும் புரிந்துகொண்டிருந்தார் என்பது நோட்டும் பேனாவும் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. முதலில் எழுதியது "தண்ணி". ஈரத்துணியால் உதட்டை நனைத்தோம், அதற்கே கண் கலங்கினார்.

அம்மாவின் வலது கை நன்றாக இருக்கிறது அல்லவா? இன்றைக்கே ஒரு நோட்டைக் கொடுங்கள். என்ன எழுதினார் என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்