தூசியும் ஈரமும் தாங்கும் என்கோடர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) உடைத்துச் சூளைக்கு அனுப்பும் ஆலையொன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கன்வேயரின் வேகத்தை அளக்கும் என்கோடர் (சுழற்சியை மின்துடிப்புகளாகவோ குறியீடாகவோ மாற்றும் கருவி) மழைக்காலம் வந்தாலே பழுதாகிவிடுகிறது. தூசி, நீர்த் தடுப்பைக் குறிக்கும் ஐ.பி. 67 தரம் என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். ஒளியால் இயங்கும் ஆப்டிகல் வகையை விட்டு, காந்தத்தால் இயங்கும் மேக்னெடிக் வகைக்கு மாறினால் தீருமா? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: மாறுவது நல்லதே, ஆனால் மாற்றியும் தீராமல் போவதற்கு உங்கள் கேள்வியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஐ.பி. 67 என்பதில் முதல் எண்ணான 6, தூசி உள்ளே புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண்ணான 7, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கெடாது என்பதைக் குறிக்கிறதே தவிர, வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அன்று. படிந்த கல்மாவைக் குழாய் வைத்துக் கழுவும் வழக்கம் உங்கள் ஆலையில் இருந்தால், ஐ.பி. 66, 67 இரண்டும் சேர்த்துக் குறிப்பிட்ட கருவியைக் கேளுங்கள். உயர் அழுத்த வெந்நீரால் கழுவும் இடமென்றால் ஐ.பி. 69கே தேவைப்படும். விவரப் பட்டியலின் மூலையில், உடற்பகுதிக்கு ஒரு தரமும் ஷாஃப்ட் (சுழல்தண்டு) பக்கத்துக்கு அதைவிடக் குறைந்த தரமும் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம்.

மழைக்காலத்தில் மட்டும் கெடுகிறது என்பதால் ஈரத்தின் வழியைத் தேட வேண்டும். ஓடும்போது சூடாகிற கருவி, நின்றதும் மழையில் சட்டென்று குளிரும்போது அதன் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகவோ கேபிள் நுழையுமிடத்தை அடைக்கும், சரியாக இறுக்கப்படாத கிளாண்ட் வழியாகவோ வெளியிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொள்கிறது. ஆப்டிகல் வகையில் நுண்கோடுகள் கொண்ட வட்டத்தட்டின் ஊடே எல்.இ.டி. ஒளி செல்ல வேண்டும் என்பதால், அதன்மேல் படியும் மெல்லிய நீர்ப்படலமே துடிப்புகளைக் கெடுக்கப் போதுமானது. காந்தத்தை உணரும் வகைக்கு நீர்ப்படலமும் மாவுத்தூசியும் பொருட்டல்ல. துல்லியம் சற்றுக் குறையலாம். கன்வேயர் வேகத்துக்கு அது ஒரு குறையே அன்று. ஆனால் கல்லோடு வரும் இரும்புத் துண்டுகளைப் பிடிக்கப் பெல்ட்டின்மேல் தொங்கவிடும் பெரிய காந்தத்துக்கு அருகில் இவ்வகையைப் பொருத்த வேண்டாம். எந்த வகையானாலும் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டு, நீர் சொட்டி விழும்படி அமைத்த பிறகே கிளாண்டுக்குள் கொண்டுசெல்லுங்கள்.

பொருத்தும் முறையையும் சொல்லாமல் விட முடியாது. பந்து பேரிங்கின் ஆயுள், அதன்மீதுள்ள சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். இயந்திரத்தின் ஷாஃப்டும் என்கோடரின் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லாதபோது, அவற்றை இணைக்க வளையாத கப்ளிங்கைப் போட்டால், அந்தக் கோணல் முழுவதும் என்கோடரின் சிறிய பேரிங்கின்மேல் ஏறுகிறது. நெகிழும் கப்ளிங்கையே பயன்படுத்துங்கள். இயந்திரத்தின் ஷாஃப்டின்மேலேயே மாட்டும் துளை ஷாஃப்ட் வகையென்றால், என்கோடரின் உடல் சுழலாமல் தடுக்கும் கைத்தகட்டை அசையவே முடியாதபடி போல்ட் போட்டு இறுக்காதீர்கள். கப்ளிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றும் பழக்கத்தை நம் பட்டறைகளில் இன்றும் காண்கிறேன். ஆப்டிகல் வகையின் உள்ளிருக்கும் கண்ணாடி வட்டத்தட்டு விரிசல் விடுவதற்கு அந்த ஓரடியே போதும்.

கேள்வி: நூற்பாலையில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவ் ஓடும் நேரத்தில் மட்டும், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் எங்கள் பி.எல்.சி. கணினியில் என்கோடரின் எண்ணிக்கை தாவுகிறது. என்கோடரை மாற்றியும் பயனில்லை. (வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: இனியும் ஒன்றை வாங்காதீர்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வரும் இசட் துடிப்பைத் துணையாகக் கொண்டு முதலில் சோதியுங்கள். 1024 கோடுள்ள என்கோடரின் ஏ, பி என்னும் இரு வரிசைத் துடிப்புகளின் ஏற்ற இறக்கங்கள் அனைத்தையும் சேர்த்து நான்கு மடங்காக எண்ணினால், ஒரே திசையில் சுழலும்போது இரண்டு இசட் துடிப்புகளுக்கு இடையே எப்போதும் 4096 வர வேண்டும். அது மாறிக்கொண்டே இருந்தால் மின்னிரைச்சல் புகுகிறது என்று சந்தேகிக்கலாம். அது மாறாமல் இருந்தும் பொருளின் நிலை மட்டும் நழுவினால் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி இரைச்சலையே காட்டுகிறது. என்கோடர் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே தட்டில் போடாமல் பிரித்துவிட்டு, முறுக்கிய இணைக்கம்பிகளும் உலோகக் கவசமும் உள்ள கேபிளைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு துடிப்பையும் அதன் எதிர்த்துடிப்போடு சேர்த்து அனுப்பும் ஆர்.எஸ். 422 வெளியீடு, இரு கம்பிகளிலும் ஒருசேரப் புகும் இரைச்சலை ஏற்பியில் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. இன்வெர்ட்டரால் ஷாஃப்டில் எழும் மின்னோட்டம் என்கோடரின் பேரிங் வழியே பாய்ந்து அதை அரிப்பதும் உண்டு. அதற்கு மின்காப்புள்ள கப்ளிங் தேவை.

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தடுப்பணையில் மோட்டாரால் திறக்கும் மதகு இருக்கிறது. மின்சாரம் போய் வந்ததும், மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவதில்லை. (வாசகர், ஏற்காடு)

பதில்: துடிப்புகளை மட்டும் அனுப்பும் இன்கிரிமென்டல் வகை அப்படித்தான் நடந்துகொள்ளும். அப்சல்யூட் வகை ஒவ்வொரு நிலைக்கும் தனிக் குறியீடு தருவதால் மின்சாரம் வந்தவுடன் சரியான நிலையைச் சொல்லிவிடும். மதகின் திருகு பல சுற்றுகள் சுற்றுமாதலால், சுற்றுகளையும் நினைவில் வைக்கும் மல்டிடர்ன் வகையாக வாங்க வேண்டும்; பேட்டரி தேவைப்படாத, பல்சக்கர அமைப்புள்ளவையும் கிடைக்கின்றன. ஆயினும் முழுத் திறப்பு, முழு மூடல் ஆகிய இரண்டு நிலைகள் மட்டுமே தெரிந்தால் போதும் என்றால், மதகு எல்லையைத் தொட்டதும் இயங்கும் நல்ல லிமிட் சுவிட்சுகள் இரண்டைப் பொருத்திவிட்டு அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.