பெட் சி.டி.யில் ஒன்றுமில்லை, பிறகு எதற்கு நெறிக்கட்டி பயாப்சி?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சத்தை எடுத்துச் சோதித்ததில் மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) என்று வந்தது. ஆழம் 1.6 மி.மீ., மேலே புண் இல்லை. பெட் சி.டி.யில் பரவல் எதுவும் இல்லை. ஆனாலும் தொடை இடுக்கில் ‘சென்டினல் நோட்’ (புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி, அதாவது நிணநீர் முடிச்சு) பயாப்சி செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். ஸ்கேனை நம்பக் கூடாதா?

பதில்: டாக்டர் சொல்வது சரி. பெட் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புற்றுசெல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்வதால் படத்தில் ஒளிரும். ஆனால் சுமார் 5 மி.மீ.க்குக் கீழே உள்ள கட்டி பெரும்பாலும் கண்ணில் படாது. ஆரம்பத்தில் நெறிக்கட்டிக்குள் போய் ஒட்டுவதோ ஓரிரு மி.மீ. செல்கூட்டம்தான்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, பயாப்சிக்கு முந்தைய இந்தக் கட்டத்தில் நெறிக்கட்டிப் பரவல் உள்ளவர்களில் பெட் சி.டி. பிடித்தது சுமார் 10 சதவீதம் பேரை. அல்ட்ராசவுண்ட் 35 சதவீதம் பேரை. 100 பேரில் 20 பேருக்குப் பரவல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட் சி.டி. 2 பேரைக் கண்டுபிடிக்கும், 18 பேரைத் தவறவிடும். பரவாத 80 பேரில் சுமார் 3 பேருக்கு ‘இருக்கிறது’ என்றும் சொல்லிவிடும். காசநோய், காலில் ஆறாத புண், அண்மையில் செய்த அறுவை எதுவானாலும் நெறிக்கட்டி ஒளிரலாம். அதனால் ஒளிர்ந்தாலும் ஊசி போட்டுச் செல் எடுத்துப் பார்க்காமல் புற்று என்று முடிவுகட்டக் கூடாது.

அதற்காகப் பெட் சி.டி. வீண் என்றில்லை. நோய் திரும்பியதாகச் சந்தேகம் வரும்போதும், தொடர் கண்காணிப்பிலும் அதே மதிப்பாய்வில் அது 90 சதவீதத்துக்கு மேல் பிடித்தது. மூளை மட்டும் விதிவிலக்கு: அது இயல்பாகவே சர்க்கரையைக் குடிப்பதால் முழுக்க ஒளிரும். அங்கே எம்.ஆர்.ஐ.தான்.

ஒன்றை உடனே பாருங்கள். பெட் ரிப்போர்ட்டில் எங்கிருந்து எங்கே வரை படமெடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். வழக்கமாக மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து நடுத்தொடைவரைதான் எடுப்பார்கள். உள்ளங்கால் மெலனோமாவுக்கு அது போதாது. முழங்காலுக்குப் பின்னாலும் நெறிக்கட்டி உண்டு. பாதம்வரை எடுக்கவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயாப்சியில் தழும்பைச் சுற்றிக் கதிரியக்க மருந்தும் நீலச் சாயமும் செலுத்துவார்கள். அவை முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்து, மெல்லிய சீவல்களாக்கிச் சிறப்புச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஸ்கேனுக்கு எட்டாத ஒரு மி.மீ. கூட்டமும் இதில் சிக்கும். தழும்பைச் சுற்றி 1 முதல் 2 செ.மீ. அகலமாக வெட்டி எடுக்கும் அறுவையோடு சேர்த்தே இதைச் செய்யச் சொல்லுங்கள். பாதத்தில் தசை திருப்பி மூடியபின் நிணநீர் போகும் வழி மாறிவிடலாம். அப்புறம் எது முதல் நெறிக்கட்டி என்று கண்டுபிடிப்பது சிரமம். முடிந்த ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். சாயம்தான் அது, பயப்பட வேண்டாம்.