பாலிஹவுஸ் வெள்ளரியில் ஆண் பூ வந்தால் செடியைப் பிடுங்கிவிட வேண்டுமா?

பிடுங்காதீங்க தம்பி. (வயதில் பெரியவராக இருந்தால் மன்னிக்கணும்.)

பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடிலில்) போட்ட வெள்ளரி, பெண் பூ மட்டுமே வரும் என்று விற்ற விதை, சில செடிகளில் ஆண் பூவும் சேர்ந்து வருகிறது, கஞ்சா வளர்ப்பவர்கள் இப்படிப்பட்ட செடியை உடனே வெளியேற்றுவார்களாமே, நாமும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு விதைக்கு ஐந்தாறு ரூபாய் கொடுத்து வாங்கி, கொடி ஏற்றி, காய் பிடிக்கிற நேரத்தில் நிற்கிற செடி. பாதி கடன்காசாகத்தான் இருக்கும். அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம். முதலில் குடைமிளகாய் போட்டேன், அப்புறம் இங்கிலீஷ் வெள்ளரி. ஒரு சித்திரையில் ஷீட்டுக்குக் கீழே நிற்க முடியாத அளவு சூடு. காய் பறிக்கும் அக்காதான் முதலில் கவனித்தார்: "இந்தப் பூவுங்க பின்னாடி பிஞ்சே இல்லீங்களே." போய்ப் பார்த்தால் கணுவில் கொத்தாக மஞ்சள் பூக்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய காம்பு மட்டும். பெண் பூ என்றால் இதழ் விரியும் முன்பே பின்னால் ஒரு குட்டி வெள்ளரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நாளில் காய்கள் கழுத்து சிறுத்து, அடி பெருத்து வர ஆரம்பித்தன. பெங்களூரு மண்டியில் கழித்துப் போட்டார்கள். விதை விற்ற கம்பெனி ஆள் வந்து போரான் என்கிற நுண்சத்து குறைவு என்று சொல்லி ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அவர் முன்னாலேயே ஒரு காயை நீளவாக்கில் அறுத்துக் காட்டினேன். அடிப்பக்கம் முழுக்கத் திரண்ட விதை. "மகரந்தம் சேராமலே காய்க்கிற ரகத்துல இவ்வளவு விதை எங்கிருந்து சார் வந்துச்சு?" டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைந்தாலும் அடி பெருக்குமே என்று யாராவது வருவீர்கள். பெருக்கும், மறுக்கவில்லை. அதனால்தான் அறுத்துப் பார்க்கச் சொல்கிறேன். விதை திரண்டிருந்தால் தேனீ உள்ளே வந்து ஆண் பூ மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்த்திருக்கிறது, அதனால்தான் அடி பெருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு மேற்குப் பக்க வலை காற்றில் கிழிந்திருந்தது, அந்த வழியாகத்தான் வந்து போயின. கிழிசலைத் தைத்தோம், கதவுக்கு இரண்டாவது திரை போட்டோம். ஆண் பூ அதன்பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது, புதுக் காய்கள் நேராக இறங்கின. ஒரு செடியைக்கூட எடுக்கவில்லை.

கஞ்சா கதை வேறு. பெரியம்மா மகன் கனடாவில், லைசென்ஸ் வாங்கிய கண்ணாடிக் குடிலில் வேலை பார்க்கிறான். 2018 அக்டோபரிலிருந்து அங்கே மருந்துக்கு மட்டுமில்லாமல் பொதுவாகவே அது சட்டப்படி நடக்கும் தொழில். இருட்டு நேரத்தில் விளக்கு வெளிச்சம் கசிந்தாலோ, சூடு ஏறினாலோ பெண் செடியிலேயே மஞ்சளாக மகரந்தப் பை நீட்டிக்கொள்ளுமாம். அங்கே அதற்கு வாழைப்பழம் என்றே பெயர். அந்த மகரந்தம் காற்றிலேயே பறக்கும். ஒரு செடி போதும், அறை முழுக்க விதை பிடித்து, பிசின் குறைந்து, சரக்கு விலை போகாது. அதனால் அவர்கள் தூக்கி எறிகிறார்கள். வெள்ளரி மகரந்தம் பிசுபிசுப்பானது, பறக்காது, பூச்சிதான் சுமந்து போகணும். வித்தியாசம் அவ்வளவுதான். மற்றபடி இரண்டும் ஒரே குணம்: எத்திலீன் என்று செடிக்குள்ளேயே சுரக்கிற ஒரு வாயு ஹார்மோன், பூவைப் பெண் பக்கம் இழுக்கும். அதை வெள்ளி உப்பு தடுத்துவிடும். விதைக் கம்பெனிக்காரர்கள் வெள்ளரியிலும் கஞ்சாவிலும் அந்த உப்பைத் தெளித்துத்தான் பெண் செடியில் ஆண் பூ வரவழைக்கிறார்கள்.

(ஊரில் யாரும் பதற வேண்டாம், நான் வெள்ளரிதான் போடுகிறேன். இங்கே கஞ்சா வளர்த்தால் 1985 சட்டப்படி பத்து வருடம் வரை உள்ளே.)

அந்தப் பையனுக்குப் பெண் கொடுக்க சொந்தத்தில் அடித்துக்கொண்டார்கள். அவன் செய்வது மாதச் சம்பளத்துக்கு அடுத்தவன் குடிலில் செடி பார்க்கும் வேலை. நான் சொந்த நிலத்தில், சொந்தக் குடிலில் அதையேதான் செய்கிறேன். என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது "டிகிரி முடிச்சிட்டு ஏன் தோட்டத்துல?" என்று கேட்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும்.

நீங்கள் போட்டது மகரந்தம் தேவைப்படும் நாட்டு ரகமாக இருந்தால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்கு இல்லை. அதற்கு ஆண் பூவும் வேணும், தேனீயும் வேணும். காலையில் வலையைத் தூக்கி விடுங்கள்.